கதவைத் திறந்தால் நிற்கும் பிக்கப்

டுவேன் புது பிக்கப் வாங்கிய நாளிலிருந்து லவோனால் ஒரு வாய் காப்பியை நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. அவள் கோப்பையோடு உட்கார்ந்தால் போதும், மனுஷன் வாசலில் நின்று கூவ ஆரம்பித்துவிடுவான்.

"லவோன், இங்க வந்து பாரேன்! ஸ்டீயரிங்கே சூடாகுது!"

"எனக்கு காப்பி சூடா இருந்தா போதும். கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது."

ஏரிக்கு நடுவே டெர்ன் தீவில் அவர்கள் வீட்டு முற்றத்தில் இப்போது இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று அந்தப் பிக்கப். கன்னங்கரேலென்று, விறகுக் கொட்டகை உயரத்துக்கு, முகத்தில் முறைப்போடு. இன்னொன்று லவோனின் செடான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட கார். வாங்கும்போது அதற்குத் தங்க நிறம் என்று சொன்னார்கள். இப்போது அது என்ன நிறம் என்று கேட்டால் யாரும் சட்டென்று பதில் சொல்லமாட்டார்கள். பின்கதவு ஒன்று கயிற்றால் கட்டியிருக்கும். ஹீட்டர் தனக்கு மனசு வந்தால் வேலை செய்யும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மினசோட்டாக் குளிரில் ஊர் வண்டிகளெல்லாம் இருமிக்கொண்டிருக்கிற காலையில் லவோன் சாவியைத் திருப்பினால் அது முதல் திருப்பிலேயே கிளம்பிவிடும்.

"என் வண்டி படகையும் இழுக்கும், வீட்டையும் இழுக்கும். உன் வண்டி என்ன பண்ணும்?" என்பான் டுவேன்.

"போன்னா போகும், நில்லுன்னா நிக்கும். வேற என்ன பண்ணணும்?"

போன வாரம் நடந்த கூத்தை அவள் மறக்கவே இல்லை. உறைந்த ஏரி மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுத்து வந்து, டுவேன் பிக்கப்பை ரிவர்ஸில் விட்டு அதைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். தீவுக்காரர்கள் எல்லோரும் செய்கிறபடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தான். பிக்கப் கிணிங் கிணிங் என்று மணி அடித்தது. அடுத்த நொடி தானாகவே பிரேக் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. டுவேனின் நெற்றி கதவுச் சட்டத்தில் மோதியது.

"பாத்தியா, பாத்தியா!" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான் டுவேன். "டிரைவர் இறங்கப் போறான்னு நெனச்சு அதுவா பார்க்கிங் கியர்ல விழுந்துடுச்சு. என்ன மூளை!"

"நீ இறங்கலையே?"

"அது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் என்ன மூளை?"

இந்தக் கேலியெல்லாம் சாதாரணம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஊர்க்கூட்டம் நடக்கிற அந்த மார்ச் மாதக் காலையில் லவோன் சிரிக்கிற நிலையில் இல்லை. முதல் நாள்தான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிய வந்திருந்தது, அதுவும் டுவேன் வாயால் அல்ல.

கரையிலிருக்கிற ஆல்டர் ஊரின் தீயணைப்புப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு ஓட்டைக் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, உறைந்த ஏரி மேல் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பின்னால் ஒரு சங்கிலி கட்டிக் கரையில் மாட்டியிருப்பார்கள். வசந்தத்தில் அது எந்த நாள், எந்த மணிக்கு முழுகும் என்று ஊரே சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டும். வசூல் புதுக் குழாய்களுக்கும் தொப்பிகளுக்கும் போகும். அடுத்த குளிர்காலத்துக்கு லவோனின் செடானைத் தருவதாக டுவேன் வாக்குக் கொடுத்திருக்கிறான். படைத் தலைவன் கோர்டி அவளிடமே வந்து நன்றி சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நன்றி! அவளுக்கு அந்த இடத்திலேயே காது இரண்டும் எரிந்தன.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?" என்றபடி, முட்டையை அவன் தட்டில் வைக்காமல் பொத்தென்று போட்டாள்.

"அட, ஒரு நல்ல காரியத்துக்குத்தானே. அது எப்படியும் ஒரு நாள் நிக்கத்தான் போகுது."

"நிக்கட்டும். நின்ன பிறகு பேசு."

"இனிமே உனக்கு எதுக்கு அது? நான் கொண்டுபோய் விடமாட்டேனா?"

"இருபது வருஷமா நானே வேலைக்குப் போய் நானே வர்றேன் டுவேன். இன்னிக்கு என்ன புதுசா என்னைக் கொண்டுபோய் விடுறது?"

கரையிலிருக்கிற முதியோர் இல்லத்தில் லவோனுக்குச் சலவை வேலை. கோடையில் படகில் போவாள். குளிர்காலத்தில் ஏரி மேல் போடுகிற பனிப்பாதையில் செடானில் போவாள். ஆறு மைல். ஊர்க்காசில் ஹார்லன் என்பவன் பனியைத் தள்ளி, ஓட்டை போட்டு ஏரி எவ்வளவு தடிமனாக உறைந்திருக்கிறது என்று பார்த்து, ஊரில் கழித்துப் போட்ட கிறிஸ்துமஸ் மரங்களை இரு பக்கமும் வரிசையாக நட்டு அந்தப் பாதையைப் பராமரிக்கிறான். டுவேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

அந்தப் பாதைக்கு இனி ஊர்க்காசு கிடையாது என்று ஒரு தீர்மானம் அன்றைக்குக் கூட்டத்துக்கு வருகிறது. கொண்டு வருவது வெண்டல். பீட்ரூட் போடுகிற பெரிய விவசாயி, ஏரியில் ஒரு நாளும் கால் வைக்காதவன். பாதை போனால் தீவுக்காரர்கள் டிசம்பரிலேயே கரைக்குக் குடி வந்து வாடகை அறையில் முடங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். லவோனுக்கு இரண்டும் ஆகாது. தன் வீடு, தன் வேலை, இரண்டையும் இணைக்கிற அந்தப் பாதை, மூன்றையும் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவள் முடிவு பண்ணியாகிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் சீட்டு அனுப்பி ஓட்டுப் போட முடியாது. ஆள் வந்து எழுந்து நிற்க வேண்டும், அப்போதுதான் எண்ணுவார்கள். பனி மேல் வழுக்கி ஓடுகிற ஸ்னோமொபைல் வைத்திருந்தவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இவர்கள் இருவரும், பக்கத்து வீட்டு ஆர்லிஸும் அவள் தம்பி மைலோவும்தான். ஆர்லிஸுக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருக்கிறது, ஸ்னோமொபைல் ஆகாது.

"நாலு பேரும் என் வண்டியிலயே போயிடலாம். கால் நீட்டி உக்காரலாம்," என்றான் டுவேன். அதுதான் ஏற்பாடு.

படகுத்துறைக்குப் போனபோது அந்த ஏற்பாடு உடைந்தது. மூன்று நாளாக வெயில் அடித்திருந்தது. பாதை தொடங்குகிற இடத்தில் ஹார்லன் ஒரு தடுப்புக் கட்டையைக் குறுக்கே போட்டு, அதில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தான்: பிக்கப், லாரி கூடாது. சின்ன கார் மட்டும், மெதுவாக. எழுதிவிட்டு அவன் ஸ்னோமொபைலில் கரைக்குப் போயிருந்தான். பனியின் மேல் அங்கங்கே தண்ணீர் தேங்கி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இவனுக்கு எப்பவும் பயம்தான்," என்றான் டுவேன். "சின்ன வயசுல வாத்தைப் பாத்தே பயப்படுவான்."

லவோன் கட்டையைப் படித்தாள், ஏரியைப் பார்த்தாள், பிக்கப்பிலிருந்து இறங்கினாள். "ஆர்லிஸ், மைலோ, இறங்குங்க. என் காரை எடுத்துட்டு வர்றேன்."

"அந்த டப்பாவையா? பாதி வழியில நின்னுச்சுன்னா?"

"நிக்காது."

"லவோன், இதுல நாலு சக்கரமும் இழுக்கும்."

"நாலு சக்கரமும் சேந்து முழுகும். இது ரெண்டு கார் கனம், டுவேன். ஹார்லன் எழுதிப் போட்டிருக்கான், உனக்குப் படிக்கத் தெரியும்."

"படிச்சா ஆச்சா? நான் இந்த ஏரியில பொறந்தவன்!"

"ஏரியில பொறந்தா மீனா நீ?" என்றாள் ஆர்லிஸ் இறங்கிக்கொண்டே. "ஏண்டி லவோன், உன் கார்ல எனக்கு ஒரு தலகாணி கிடைக்குமா? பின்சீட்டுல ஸ்பிரிங் குத்துது."

லவோன் வீட்டுக்குத் திரும்பி நடந்து, செடானைக் கொண்டு வந்தாள். டுவேன் பிக்கப்பில் சாய்ந்துகொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். தன்னோடு வரும்படி அவள் கூப்பிட்டாள். இருக்கையில் இருந்த மூட்டையைக்கூட எடுத்துப் பின்னால் போட்டாள். அவன் தலையை ஆட்டினான். "நீ போ. நான் மத்தியானத்துக்குள்ள எப்படியாவது வர்றேன்," என்றான். எப்படியாவது என்று அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் கூட்டம் அவளுக்காகக் காத்திருக்காது. கட்டையின் ஓரமாக, கார் மட்டும் நுழைகிற சந்தில் அவள் ஏரியில் இறங்கினாள்.

பனி மேல் போகும்போது எல்லோருக்கும் தெரிந்த முறை ஒன்று உண்டு. பெல்ட் போடக் கூடாது. ஜன்னலை இறக்கிவிட வேண்டும். கதவைத் தாழ் விழாமல் கையில் பிடித்திருக்க வேண்டும். வண்டி முழுகினால் வெளியே வருவதற்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும், அந்த மூச்சைக் கொக்கியோடு மல்லுக்கட்டிச் செலவழிக்க முடியாது. ஆர்லிஸ் ஒரு கையில் பின்கதவுக் கயிற்றையும் மறு கையில் தான் சுட்டுக் கொண்டுவந்த இனிப்புக் கட்டிகளின் தட்டையும் பிடித்திருந்தாள். மைலோ பேசாமல் மறுபக்கக் கதவைப் பிடித்திருந்தான். மைலோ பொதுவாகவே பேசமாட்டான்.

லவோன் மெதுவாக ஓட்டினாள். வேகமாகப் போனால் பனிக்கடியில் தண்ணீர் அலையாய்த் திரண்டு முன்னால் ஓடி உடைக்கும். நின்றாலோ இருக்கிற இடம் குழியும். கிறிஸ்துமஸ் மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. சிலவற்றில் இன்னும் ஜரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. சக்கரத்தடியில் தண்ணீர் சளசளத்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, பயமில்லை என்று யார் சொன்னது? ஆனால் பயந்துகொண்டே ஓட்டுவது இருபது வருஷமாக அவளுக்குப் பழக்கம்.

பாதி தூரம் தாண்டியிருப்பார்கள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"ஐயோ, அந்த மடையன்!" என்றாள் ஆர்லிஸ், திரும்பிப் பார்த்து. "கட்டையை நகத்திட்டான்டி!"

கறுப்புப் பிக்கப் பாதையை விட்டு விலகி, மரவரிசைக்கு வெளியே தண்ணீரை விசிறியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னல் இறக்கியிருந்தது. டுவேன் கை வேறு காட்டினான். அது தாண்டும்போது செடானுக்கு அடியில் பனி ஒரு முறை மேலெழும்பித் தாழ்ந்ததை லவோன் உணர்ந்தாள். அவள் வாயில் வந்த வார்த்தையைச் சர்ச்சில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

முன்னால் ஒரு பெரிய விரிசல். ஏரி உறைந்து இறுகும்போது வருஷா வருஷம் அதே இடத்தில் வெடிக்கும். அதன் மேல் ஹார்லன் கனமான பலகைகளைப் பாலமாகப் போட்டிருப்பான். விரிசலுக்குச் சற்று முன்னால் பனி சாம்பல் பூத்து, மெத்தென்று இருந்தது. டுவேனும் அதைப் பார்த்திருக்க வேண்டும், மடையன் ஆனாலும் தீவுக்காரன் அல்லவா. அவன் வேகத்தைக் குறைத்தான். பெல்ட் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தான். பலகை எங்கே, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க, தீவில் யாரானாலும் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினான்.

பிக்கப் மணி அடித்தது. டிரைவர் இறங்கப் போகிறான் என்று நினைத்தது. நின்றுவிட்டது.

ஏரி முழுவதிலும் நிற்கவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால், அது அங்கேதான் நின்றது.

டுவேன் கதவை இழுத்துச் சாத்திக் கியர் போட்டான். நான்கு சக்கரமும் சுழன்றன. சேறு மாதிரி கரைந்த பனி எழும்பி ஜன்னலில் அடித்தது. வண்டி நகரவில்லை. அதைச் சுற்றி ஏரி ஒரு தட்டுப் போலக் குழிந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் அதை நோக்கி ஓடி வர ஆரம்பித்தது.

"பிடிச்சுக்கோங்க," என்றாள் லவோன். ஸ்டீயரிங்கை ஒடித்து, மரவரிசையை விட்டு வெளியே, தள்ளாத பனியில் காரை இறக்கினாள். நிற்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. பிக்கப்பைச் சுற்றி ஒரு பெரிய வளையம் போட்டாள். கிட்டே போனால் இரண்டு வண்டிக் கனமும் ஒன்றாய்ச் சேரும். செடான் ஆடியது, வழுக்கியது, ஒரு தடவை பின்பக்கம் தனியாகப் போகப் பார்த்தது. ஆனால் விரிசலின் வேறொரு குறுகிய இடத்தைச் சக்கரம் தடதடவென்று தாண்டி, அந்தப் பக்கத்துக் கறுத்த கெட்டிப் பனிக்கு வந்து சேர்ந்தது. அங்கே நிறுத்தி, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"டுவேன்! வண்டியை விட்டுட்டு வா!"

அவன் வண்டிக்கு வெளியே, முழங்கால் தண்ணீரில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டு நிமிஷம்! கீழ பலகை குடுத்தா ஏறிடும்!"

"பலகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! வா!"

"லவோன், புது வண்டிடி!"

பனி எங்கோ ஆழத்தில் இடி மாதிரி முனகியது. ஆர்லிஸ் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த ஆளை லவோனுக்கு ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்ல அவளுக்கு இதற்கு முன்பு இவ்வளவு மோசமான இடம் கிடைத்ததில்லை.

"இங்க பாரு! எனக்கு இன்னிக்கு உன் ஓட்டு வேணும்!" என்று கத்தினாள். "அதுக்கு அப்புறமும் நீ வேணும்! வண்டி எனக்கு வேணாம்! நட!"

டுவேன் கதவை விட்டான். சாத்தாமலே விட்டான். காலை அகட்டி வைத்து, வாத்து மாதிரி, பலகைப் பாலத்தின் மேல் விரிசலைத் தாண்டி வந்து முன்சீட்டில் ஏறினான். பற்கள் தந்தியடித்தன. பின்னால் பிக்கப், கதவு திறந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது.

லவோன் காரை எடுத்தாள். அவன் நடுங்கிக்கொண்டே கதவைச் சாத்தப் போனான். "சாத்தாத, பிடிச்சுக்கோ," என்றாள்.

மறுபடி மரவரிசைக்குள் காரைக் கொண்டு வந்தாள்.

"கட்டையை நகத்தினது நீதானே," என்றாள் லவோன்.

டுவேன் திரும்பிப் பிக்கப்பைப் பார்த்தான்.

"கூட்டத்துல அதை எழுந்து சொல்லணும்."

"விளையாடுறியா? ஊர் முழுக்க என்னைப் பாத்து சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ சொல்லலைன்னா அந்த வெண்டல் உன் வண்டியைக் காட்டியே பாதையை மூடிடுவான். ஹார்லன் வேலையும் போகும்."

டுவேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஆர்லிஸ் பின்னாலிருந்து ஒரு இனிப்புக் கட்டியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "தின்னு. சக்கரை உள்ள போனா புத்தி வரும்னு நம்புவோம்," என்றாள்.

ஊர் மண்டபத்தின் பெரிய ஜன்னல் ஏரியைப் பார்த்திருக்கும். அவர்கள் உள்ளே நுழைந்தபோது கூட்டம் பாதைத் தீர்மானத்துக்கு வந்திருந்தது. பாதிப் பேர் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில், வெள்ளைக்கு நடுவே, அந்தக் கறுப்புப் புள்ளி விளக்கு எரிய நின்றது. கரையோரம் இந்த வருஷத்துப் பந்தயக் கார், ஒரு பச்சை நிற ஓட்டை, சங்கிலியோடு நின்றது.

வெண்டல் பேசிக்கொண்டிருந்தான். குரலில் வெண்ணெய் தடவியிருந்தது.

"நான் அதிகம் சொல்ல வேணாம். ஜன்னல் வழியா நீங்களே பாருங்க. இதுக்குத்தான் நாம காசு குடுக்கணுமா? ஹார்லன், உன்னைத்தான் கேக்குறேன். பாதையைப் பாத்துக்கத்தானே சம்பளம்?"

ஹார்லன் சுவரோரம் நின்றான். முகம் சிவந்திருந்தது. "நான் கட்டை போட்டுட்டுத்தான் வந்தேன்."

"கட்டை போட்டிருந்தா அந்த வண்டி எப்படி வந்துச்சு? பறந்து வந்துச்சா?"

சிலர் சிரித்தார்கள். லவோன் கோட்டைக் கழற்றாமலே எழுந்தாள். கூட்டத் தலைவி தலையசைத்தாள்.

"நான் இப்பத்தான் அந்தப் பாதையில வந்தேன். நாலு பேரு வந்தோம். என் காரை எல்லாரும் பாத்திருப்பீங்க, வாசல்ல நிக்குது. கயிறு கட்டின கதவு. இருபது வருஷமா அதே பாதையில வர்றேன், போறேன். உங்கம்மா படுக்கை விரிப்பை நாந்தான் துவைக்கிறேன், வெண்டல், ஒரு நாள் தவறினதில்லை. அந்தப் பாதை இல்லைன்னா நான் வரமுடியாது. பாதையில ஒரு குத்தமும் கிடையாது."

"அது சரிம்மா," என்றான் வெண்டல். "அப்ப உன் புருஷன் வண்டி ஏன் அங்க நிக்குது?"

லவோன் உட்காரவில்லை. திரும்பி டுவேனைப் பார்த்தாள். அவன் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஒரு குட்டை கட்டியிருந்தது. அவன் குட்டையைப் பார்த்தான், ஹார்லனைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவே இல்லை. அவன் எழுந்திருக்கும்வரை அப்படியே நிற்பது என்று அவள் தீர்மானித்திருந்தாள், வசந்தம் வந்தாலும் சரி.

டுவேன் எழுந்தான்.

"கட்டையை நகத்தினது நான்தான்," என்றான். "ஹார்லன் சரியா போட்டிருந்தான். சிவப்புல எழுதியும் வச்சிருந்தான். படிச்சேன், படிச்சுட்டுத்தான் நகத்தினேன். பாதை ஒண்ணும் பண்ணலை. வண்டி கனம். அதை விட என் தலைக்கனம்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். "பெல்ட்டைக் கழட்டிக் கதவைத் திறந்தேன். அது பார்க்கிங்ல விழுந்துடுச்சு. என்னைக் கூட்டிட்டு வந்தது எம் பொண்டாட்டி. அந்தப் பழைய கார்ல."

பிறகு பின்வரிசையில் யாரோ, "கதவைத் திறந்தா நின்னுடுமா? ஏரி மேலயா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், சிரிப்பு கூரையைத் தூக்கியது. டுவேனின் காது சிவந்தது. ஆனால் உட்காரவில்லை, சிரிப்பு முழுவதையும் நின்றபடியே வாங்கிக்கொண்டான்.

பக்கத்திலிருந்த கோர்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இத்தனை பேர் முன்னால சொல்லிட்டியே. இனி இன்ஷூரன்ஸ்காரன் உனக்கு ஒண்ணும் தரமாட்டான்டா."

"தெரியும்," என்றான் டுவேன்.

லவோன் அதைக் கேட்டாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஈரமான அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத் தலைவி எழுந்து நிற்கச் சொன்னாள். முதலில் பாதையை நிறுத்த வேண்டும் என்பவர்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. லவோன் எண்ணவில்லை, தரையையே பார்த்தாள். பிறகு பாதை வேண்டும் என்பவர்கள். அவள் எழுந்தாள், டுவேன் எழுந்தான், ஆர்லிஸ் மைலோவின் தோளைப் பிடித்து எழுந்தாள். ஹார்லன் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தான், இன்னும் நிமிர்ந்தான். மூன்று பேர் வித்தியாசத்தில் பாதை பிழைத்தது.

"மூணு பேரு," என்றாள் ஆர்லிஸ் உரக்க. "அந்த டப்பாவுல வந்தது நாலு பேரு. கணக்கு புரியுதா எல்லாருக்கும்?"

பிறகு சாப்பாடு. உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பெரிய தட்டுகள், காப்பி, ஆர்லிஸின் இனிப்புக் கட்டிகள். லவோன் தட்டைக் கையில் எடுத்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. தூரத்தில், ஆழத்தில், பெரிய கதவு ஒன்றைச் சாத்தினது போல. எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். வெள்ளைக்கு நடுவே இருந்த புள்ளி இல்லை. கரையோரப் பந்தயக் கார் மட்டும் அசையாமல் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. டுவேன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான், போன வாரம் புடைத்த அதே நெற்றி. வெண்டல்கூட அவன் பக்கத்தில் வந்து ஒரு கோப்பை காப்பியை நீட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து, பாவம், கோர்டிக்குப் பேச்சை மாற்ற வேறு எதுவும் தோன்றவில்லை. "அப்புறம் டுவேன், அந்தப் பழைய காரை எப்ப வந்து எடுத்துக்கட்டும்?" என்றான்.

"எடுக்க வேணாம்," என்றான் டுவேன். "அது லவோன் கார். குடுக்குறதுக்கு நான் யாரு? வேற ஓட்டை எங்கயாவது பாரு."

அன்றிரவு அவர்கள் கரையிலேயே தங்கினார்கள். இரவு குளிர் திரும்பி ஏரி இறுகியது. விடிந்ததும் ஹார்லன் விரிசலுக்குக் கிழக்கே தள்ளி, புதிதாக மரங்களை நட்டுப் பாதையைத் திருப்பிவிட்டிருந்தான். செடான் முதல் திருப்பிலேயே கிளம்பியது. டுவேன் முன்சீட்டில் உட்கார்ந்து, கோர்டியிடம் கடன் வாங்கிய கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஹீட்டரை யாராவது பாத்தா தேவலை," என்றான்.

"பாரு. நீதானே வீட்டுல சும்மா இருக்கப்போறே."

"ஏன் சும்மா? என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடமாட்டியா?"

லவோன் வாயைக் கோணி அவனைப் பார்த்தாள். பிறகு தீவைப் பார்த்துக் காரைப் பனியில் இறக்கினாள். டுவேன் பெல்ட்டைக் கழற்றினான், ஜன்னலை இறக்கினான், கதவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டான். மணி எதுவும் அடிக்கவில்லை. கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.